கார்பன் சிகிச்சை இல்லை என்று சொல்லப் போன கொல்லிமலைப் பயணம்

கொல்லிமலை பற்றி ஏற்கெனவே மூன்று பதிவுகள் போட்டிருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, அருவி, பலாப்பழம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அதற்காக வந்தவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணம் போன வெள்ளிக்கிழமை, ஐப்பசி மழையில், ஒரு கெட்ட செய்தியைச் சொல்வதற்காகப் போனது.

துரைசாமியும் நானும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பதினைந்து வருஷம் ஒன்றாக வெல்டிங் அடித்தவர்கள். பிறகு அவன் கொல்லிமலையில் குண்டனி நாடு என்கிற பகுதியில் இருக்கும் தன் காட்டுக்கே திரும்பி, மிளகு போட்டான். போன வருஷம் அவனுக்கு வால் எலும்புக்குச் சற்று மேலே கட்டி வந்தது. கார்டோமா என்றார்கள். அபூர்வமான புற்று. அறுத்தால் மலம், சிறுநீர் போகும் நரம்புகளும் போய்விடுமாம்.

சென்னை டாக்டர்தான் கார்பன் அயனிச் சிகிச்சை பற்றிச் சொன்னார். நாம் "கரண்ட் வைக்கிறது" என்கிறோமே, அந்தச் சாதாரணக் கதிர் உடம்பில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும். போகிற வழியெல்லாம் சுடும். கார்பன் அப்படியில்லை. கணக்குப் போட்ட ஆழத்தில் போய் நின்று, வலுவை எல்லாம் கட்டியிலேயே இறக்கிவிடும். பிடிவாதமான கட்டிகளுக்கு அதுதான் சரி என்றார். நான் விசாரித்தவரை இந்தியாவில் இன்னும் கிடையாது, ஜப்பான் மாதிரி சில நாடுகளில்தான். அங்கே ஒரு மருத்துவமனைக்கு ஸ்கேன் எல்லாம் அனுப்பினோம். பயணச் செலவுக்குத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்பதென்று துரை முடிவு செய்தான். மிளகுக் கொடி ஏறுவதே அந்த மரங்களில்தான். மரம் சாய்ந்தால் கொடியும் போச்சு.

வியாழன் சாயங்காலம் பதில் வந்தது. அதே இடத்தில் ஏற்கெனவே முழு அளவு கதிர் கொடுத்திருப்பதால் குடலும் நரம்பும் இன்னொரு முறை தாங்காது, எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தார்கள். சென்னை டாக்டருக்குப் போன் போட்டேன். எங்கே கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்றார்.

போன வருஷம், கட்டி இன்னதென்று தெரியும் முன்பே அந்தக் கரண்டை வைக்க வைத்தவன் நான். சதைத் துண்டைப் பெரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், இரண்டு வாரம் பொறுங்கள் என்றுதான் முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் டெப்போவுக்குப் போன் போடுகிற ஆள் நான். "வளர்ற கட்டிய வெச்சுக்கிட்டு ரெண்டு வாரமா?" என்று கத்திவிட்டு, உடனே ஆரம்பிக்கிற இடமாகப் பார்த்துச் சேர்த்தேன். என் வீட்டிலேயே தங்க வைத்து, தினமும் பைக்கில் கூட்டிப்போனேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று பெருமை வேறு. சனியன் பிடித்த பெருமை.

துரை வீட்டில் செல்போன் சிக்னல் எடுக்காது. வெள்ளி காலை மரம் வெட்ட ஆள் வருகிறது. எனவே நாமக்கல்லில் 5.10 பஸ்ஸைப் பிடித்தேன். செம்மேட்டுக்கு 55 கி.மீ., டிக்கெட் 52 ரூபாய். காரவள்ளி அடிவாரம் 6.05. கண்டக்டர், "டூருங்களா சார்? ஜாக்கிரதைங்க, அருவிப் படியெல்லாம் வழுக்குது" என்றார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். செம்மேடு 7.40. அங்கிருந்து எட்டு கி.மீ. ஆட்டோ, 300 ரூபாய்.

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ரம்பச் சத்தம் கேட்டது. பதினோரு மரம் கிடந்தது. பச்சை மிளகுச் சரங்களோடு கொடிகள் சேற்றில் கிடந்தன. நிறுத்தச் சொன்னேன். "ஊட்டுக்காரரு சொல்லட்டுமுங்க, நிறுத்திக்கறோம்" என்றார் வெட்டுகிறவர்.

துரை குப்புறப் படுத்திருந்தான். உட்கார முடியாமல் போய் மூன்று மாதமாகிறது. அவன் மனைவி பழனியம்மாள் அடுப்படியில் இருந்தாள். துரையிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அந்தக் கரண்டு வெச்சதாலயா மாப்ள?"

"ஆமா. என்னாலதான்."

முழங்கையை ஊன்றி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு, "மரத்த நிறுத்தச் சொல்லு. பழனிகிட்ட மட்டும் கரண்டப் பத்திப் பேசாத. சீக்கு முத்திப்போச்சாம்னு சொல்லிரு. அவ உன்னைய வெறுத்துட்டான்னா, எனக்கப்புறம் அவளுக்குக் கீழ நாமக்கல்ல ஆரும் இல்ல" என்றான். சரி என்றேன்.

ரம்பம் நின்றது. "முத்திப்போச்சாம்மா, ஜப்பான்ல எடுத்துக்க மாட்டேங்கறாங்க" என்று அவளிடமும் சொன்னேன். காத்திருந்த ஆட்டோ வரை கூடவே வந்தாள். அங்கே நின்று கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, மொதல்ல வலின்னு சொன்னப்ப, மெளகு பறிச்சு முடியட்டும்னு நாந்தான் ஆசுபத்திரிக்குப் போக விடாம ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சேன். அதனாலதான் முத்திருச்சுங்களா?"

துரைக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுக்கச் சொன்னதை, நான் கத்தியதை, எல்லாவற்றையும்.

"போங்கண்ணா" என்றாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அபூர்வக் கட்டி என்று யாராவது சொன்னால், அதைப் பார்த்துப் பழகிய டாக்டர் ஒருவர் ஸ்கேனைப் பார்க்கும்வரை எதையும் ஆரம்பிக்காதீர்கள். இதைத் தொடங்கினால் பிறகு எந்த வைத்தியம் கிடைக்காமல் போகும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். உட்கார முடியாத ஆளை மலையிலிருந்து இறக்க பஸ் ஆகாது. பின் சீட்டில் மெத்தை போட்ட வண்டியில், ஒவ்வொரு வளைவிலும் அவரைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூட வர வேண்டும்.

துரையின் வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மேலே கிடைப்பதில்லை. நான்தான் வாங்கிப் போகிறேன். கையிருப்பு வரும் வியாழன் வரைதான். வெள்ளி காலை அதே 5.10 பஸ்ஸில் ஏறுவேன். பழனியம்மாள் உள்ளே விடவில்லை என்றால் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்புவேன்.