வெள்ளியான வில்

எங்கள் மத்தியாஸ் அத்தான் பேச ஆரம்பித்தால், கோட்டாற்றில் புறப்பட்ட பஸ் தக்கலை போய்ச் சேர்ந்துவிடும். அவர் பேச்சு பார்வதிபுரத்தைத் தாண்டியிருக்காது. அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்ததோ மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய தொழில். மாதா கோயில் சுரூபங்களுக்குப் பொன் ரேக்கு ஒட்டுவது. ரேக்கு என்றால் அடித்து அடித்து மெலிந்த தகடு. விரலால் எடுத்தால் விரலிலேயே கரைந்துவிடும். பக்கத்தில் நின்று யாராவது தும்மினால் மாதாவின் முக்காட்டுக்கு வைத்திருந்த பொன் கூரை மோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அத்தான் வேலைக்கு உட்கார்ந்தால் கதவு, சன்னல் எல்லாம் அடைத்துவிடுவார். எங்கள் அக்கா லூர்தம்மாளின் காதுக்கு அந்த நேரம்தான் ஓய்வு.

"உங்க அத்தானுக்கு தெனமும் ரேக்கு வேலை குடும் ஆண்டவரேன்னுதான் நான் செபமாலை சொல்லுகேன்" என்பாள்.

நான் அவருக்குக் கொழுந்தியாள். அடுத்த வீடு. அவரைக் கேலி பண்ண எனக்கு யாரும் உரிமை தர வேண்டியதில்லை. கல்யாணத்தன்று பந்தலிலேயே தொடங்கிவிட்டேன். அவரும் ஒருநாள்கூடக் கோபித்ததில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதை அப்போது சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார், ஆகவே சொல்லவில்லை.

திருவிழாக்கள் முடிந்து சுரூப வேலை குறையும் மாதங்களில் வீணையின் யாளி முகம், தொட்டில் கட்டை என்று ஏதாவது வரும். அப்படித்தான் 1950ஆம் வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு வில் வந்தது. அஞ்சுகிராமத்து வில்லுப்பாட்டுப் புலவர் நாராயணபெருமாளின் வில். மற்றவர்கள் பனை வைரத்தில் வில் செய்து கலர் காகிதம் சுற்றிக்கொள்வார்கள். இவர் வில்லுக்கு மட்டும் முனையிலிருந்து முனை வரைக்கும் பொன் ரேக்கு. பொன்வில்லுப் புலவர் என்றுதான் அம்மன் கோயில் கொடை விழாக்களுக்கு அழைப்பதே. அந்தப் பொன் உதிர்ந்து சொறி பிடித்தாற்போல் ஆகிவிட்டிருந்தது. அவர் மகள் செல்லக்கனி, அப்பாவுக்குப் பின்பாட்டுப் பாடுகிறவள், வில்லை பஸ் மேலே கட்டிக் கொண்டுவந்து இறக்கினாள். கொடைக்காரர்கள் வாங்கிக் கொடுத்த பொன் ரேக்கும் கூடவே வந்தது.

"சித்திரையில அம்மன் கொடை, அண்ணாச்சி. எப்ப வேணும்னு சொல்லிவிடுகேன்" என்றுவிட்டுப் போனாள்.

சொல்லியும் விட்டாள். பஸ் கண்டக்டர் ஞானசிங்கிடம். அவன் எங்கள் முக்கில் பஸ்ஸை நிறுத்தக்கூட இல்லை. படியில் தொங்கிக்கொண்டே, "மத்தியாஸ் அண்ணே! வில்லு வெள்ளிக்கு ஆவணுமாம்! செல்லக்கனி சொல்லச் சொன்னா!" என்று கூவினான். இஞ்சின் போட்ட இரைச்சலில் அத்தான் காதில் விழுந்தது, "வெள்ளி ஆவணுமாம்."

வேறு யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை என்றுதான் நினைத்திருப்பார்கள். அத்தான் அப்படி நினைக்காததற்கும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அம்மன் கொடை செவ்வாய்க்கிழமைதான்; குழந்தைக்குக்கூடத் தெரியும். செவ்வாய்க் கொடைக்கு வெள்ளிக்கிழமையில் என்ன ஜோலி? ஆகவே வெள்ளி என்றால் ரேக்கு.

"பொன்னக் குடுத்துட்டு வெள்ளி கேக்காவளே, என்ன கூத்தோ" என்று அக்காவிடம் வந்து சொன்னார்.

"ஒருக்கா போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

"காதுல விழுந்தாச்சு. பின்ன என்னத்தக் கேக்கது?"

அதுதான் அத்தான். ஒன்றைச் சொல்ல ஆயிரம் வார்த்தை செலவழிப்பார். கேட்பதற்கு ஒரு வார்த்தை செலவழிக்க மாட்டார். அவராகவே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டார். மாதா காலடியில் இருக்கிற பிறைக்கு வெள்ளிதானே ஒட்டுகிறோம், அம்மன் தலையிலும் பிறை உண்டுதானே, அதற்குப் பொருத்தமாகக் கேட்கிறார்கள் என்று. பொன்னைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்துப் பூட்டினார். செய்யது அலியின் யூனானி மருந்துக் கடைக்குப் போய், லேகியத்தில் சுற்றுகிற வெள்ளி ரேக்கு வாங்கிவந்தார்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பழைய பூச்சைச் சுரண்டி, புதுப் பூச்சு பூசி, காயவிட்டுத் தேய்த்தார். தூரிகையைத் தன் கன்னத்தில் ஒருமுறை தடவுவார். அந்தப் பிசுக்கில் ரேக்கு தொத்திக்கொண்டு வரும். மூச்சை நிறுத்தி மரத்தின்மேல் படுக்கவைப்பார். பஞ்சால் ஒற்றுவார். கடல் காற்றுக்கு வெள்ளி கறுத்துவிடும் என்று மேலே வார்னிஷும் பூசினார். முடிந்தபோது நானே கேலியை மறந்து நின்று பார்த்தேன். அப்படி ஒரு வெளுப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் செல்லக்கனி அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். புலவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பியவள் வில்லைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"நீதானே மக்கா வெள்ளி ஆவணும்னு சொல்லிவிட்டே?"

"வெள்ளிக்கு ஆவணும்னு சொன்னேன்! வெள்ளிக்கெழமைக்கு! நாண் ஏத்தி, மணி கெட்டி, ஒருக்கா பாடிப் பாக்காண்டாமா?"

அத்தான் வாயடைத்துப் போவதை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பார்த்தேன். இனி ஒருகாலும் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

செல்லக்கனி அத்தானையும் என்னையும் அடுக்களைப் பக்கம் அழைத்துப் போனாள். அப்பா காதில் விழாமல் சொன்னாள். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருடம் ஆகிறதாம். வெளியே சொல்லவில்லை. போன கொடையில் பாடும்போது கோல் நாணில் விழாமல் தரையில் விழுந்திருக்கிறது. கூட்டம் சிரித்திருக்கிறது. இந்த வருடம் வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று கொடைக்காரர்களில் பாதிப் பேர் சொல்ல, பொன்வில்லுக்காரர் ஆயிற்றே என்றுதான் இன்னொரு தடவை வாய்ப்புத் தந்திருக்கிறார்கள்.

"இப்ப பொன்னும் இல்லாம நான் அவரை எப்பிடிக் கொண்டு உக்கார வைப்பேன்? இந்தக் கொடை போச்சுன்னா அப்பா பொறவு எந்திரிக்க மாட்டாரு, அண்ணாச்சி." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சுரண்டிட்டு மறுபடி ஒட்டுகேன்" என்று அத்தான் எழுந்தார். உடனே உட்கார்ந்துவிட்டார். பூச்சு காய்வதற்குள் செவ்வாய் போய்விடும். அது எல்லாரையும்விட அவருக்கே தெரியும். "நான் வந்து அவியகிட்ட சொல்லுகேன் மக்கா. தப்பு எனக்காக்கும், புலவருக்கில்லேன்னு சொல்லுகேன்." அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் வேலை அறையிலிருந்து புலவர் கூப்பிட்டார். "ஏட்டி செல்லக்கனி!"

ஓடினோம். நாற்காலியில் ஆள் இல்லை. சுவரைத் தடவாமல், நடுவில் கிடந்த முக்காலியைச் சுற்றிப் போய், வில்லின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வில்லு தெரியுதுட்டி."

செல்லக்கனி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"பொன்னு எனக்கு எங்கட்டி தெரிஞ்சுது? பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல மண்ணும் பாயும் வில்லும் ஒரே மஞ்சளாட்டுல்லா கெடந்துது. நானும் தடவித் தடவி அடிச்சேன். இது வெள்ளையா நிக்கி. ஆரு பாத்த யோசனை இது?"

அத்தான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். செல்லக்கனி முந்திக்கொண்டாள். "மத்தியாஸ் அண்ணாச்சிதான் அப்பா." கண்ணீர் வழிய அத்தானைப் பார்த்துக் கைகூப்பினாள். அத்தான் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பிறகு மூக்கைச் சீந்திவிட்டு, "தோல் நாணுக்கு மை தேச்சுத் தாறேன், புலவரே. வெள்ளை மேல கறுப்பு இன்னும் நல்லாத் தெரியும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நாங்களும் அஞ்சுகிராமம் போனோம். பங்குச் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. விளக்கு ஏற்றுகிற நேரத்தில் புலவர் வில்லின் முன்னால் உட்கார்ந்தார். "பொன்வில்லு எங்க ஓய்?" என்று ஒருவன் கத்தினான். "பொன்னு அம்மனுக்குடே. நமக்கு வெள்ளி போதும்" என்றார் புலவர். உண்மைதான், கொடைக்காரர்கள் தந்த ரேக்கை அத்தான் சனிக்கிழமையே கொண்டுபோய், ஏற்கெனவே பூச்சுப் பூசிக் காய்ந்து கிடந்த அம்மனின் மரச் சிங்கத்துக்கு ஒட்டிக் கொடுத்திருந்தார். கூட்டம் சந்தோஷமாகக் குலவையிட்டது. கோல் ஓங்கும்போதெல்லாம் அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு அடி தப்பவில்லை. பாட்டு முடியுமுன்னே நான் அத்தானைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் அத்தான் யாரும் கூப்பிடாமல் வெள்ளி ரேக்கோடு அஞ்சுகிராமம் கிளம்பிவிடுவார். வார்னிஷையும் மீறி உப்புக் காற்று வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். கறுத்த இடத்தில் மட்டும் ஒட்டுகிற வேலை, அரை நாள்தான். பேச்சு இரண்டு நாள். புலவருக்கும் பேச்சில் சளைத்த வாய் இல்லை. அக்கா அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருப்பாள், மூன்றாம் நாள் பஸ் முக்கில் போய் நிற்பாள்.

கன்னியாகுமரி மாவட்டம் பிறந்த அந்த 1956ஆம் வருடத்துச் சித்திரையில் நடந்ததை மட்டும் அத்தான் எங்களிடம் சொல்லவில்லை. அவ்வளவு பேசுகிற மனிதர், அதைப் பேசவில்லை. பல நாள் கழித்துச் செல்லக்கனிதான் சொன்னாள்.

அந்த வருடம் புலவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. வில்லடிப்பதை மகள் ஏற்றுக்கொண்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் போதும் என்று கொடைக்காரர்களும் மனதாரச் சொல்லிவிட்டார்கள். அத்தான் வந்து இறங்கியதும் செல்லக்கனி வாசலிலேயே தடுத்துச் சொல்லியிருக்கிறாள். "இனி எதுக்கு அண்ணாச்சி வெள்ளி? அப்பாக்கு வெளிச்சமே தெரியல்ல. சும்மா கெடக்கட்டும்."

அத்தான் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். முனையிலிருந்து முனை வரைக்கும் ஓர் இடம் விடாமல் ஒட்டினார். முடிந்ததும் வில்லை இரு கையாலும் தூக்கி, புலவர் உட்கார்ந்திருந்த கட்டிலின் இடப்பக்கம் கொண்டுவந்தார்.

"பாருங்க புலவரே."

புலவர் வலப்பக்கத்து வெறுஞ்சுவரைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். "தெரியுது மக்கா. போன வருசத்துக்கு இந்த வருசம் நல்ல வெளுப்பு."

அத்தான் காலடிச் சத்தம் கேட்காமல் கட்டிலைச் சுற்றி வந்தார். புலவர் முகம் திரும்பியிருந்த பக்கத்தில் வில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.