பழைய பக்கிள்

புலம்பெயர்ந்து வந்த ஹம் நகரில் நான் நடத்தும் தையல்கடைக்கு ஒருநாள் எங்கட ஆள் ஒருத்தர் ஒரு கில்ட்டோடு வந்தார். ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற, கட்டம் போட்ட பாவாடை. தானே கையால் தைத்தாராம்; பக்கிளின் தோல்வாரைத் தைக்க மெஷின் இல்லையாம். மகளுக்குக் கலியாணமாம், மாப்பிள்ளை ஸ்கொட்லாந்துக்காரனாம்.

"இடுப்பை நாலு விரல் பெருப்பிக்க வேணும், தங்கச்சி. பக்கிளைத் தள்ளித் தையுங்கோ."

ஆளோ ஈர்க்கு மாதிரி. எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஆருக்கு அண்ணை இது?"

"எனக்குத்தான்."

அளக்க டேப்பை எடுத்தேன். பின்னுக்குப் போனார்.

"இப்ப அளக்க வேண்டாம். நோய் வருத்தத்தில படுத்திருக்கேக்க, அந்த மெலிவுக்குத் தைச்சது. கலியாணத்துக்கிடையில உடம்பு வைச்சிடும்."

கதைக்கும்போதெல்லாம் நழுவுகிற காற்சட்டையை மேலே இழுத்துக்கொண்டே இருந்தார். நான் நம்பவில்லை. கேட்ட இடத்தில் புதுப் பக்கிளைத் தைத்தேன். பழையதைக் கழற்றாமல் விட்டேன்.

எடுக்க வந்தவர் அதைக் கண்டுவிட்டார்.

"இது ஏன் இன்னும் இருக்கு?"

"சும்மா அண்ணை. தேவைப்பட்டால்..."

 கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, பழைய பக்கிளைத் தன் கையாலேயே வெட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கலியாணத்தில் அந்தக் கில்ட் இறுகியதோ நழுவியதோ எனக்குத் தெரியாது. பக்கிள் இன்னும் என் தையல்மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எறியத்தான் துணிவு வரவில்லை.