கோதுமைக்குள் ஒரு மனிதர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக அவள் செய்வது சலிப்பதுதான். வயலில் இறங்கியதில்லை. கோதுமையைக் கையால் தொடுவதெல்லாம் அது மாவாக வீட்டுக்கு வந்த பிறகுதான். கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான துண்டுகளாகக் கொட்டிக் கிடக்கும் கோதுமையின் மரபணுச் செய்தியில், இருபத்தோரு எழுத்தே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பொறுக்கி எடுப்பது அவள் உத்தியோகம்.

இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் வேண்டாம். ஏதாவது ஓர் ஆபீசில் வேலை பார்த்திருந்தால் போதும். ஒரு மரபணு தன் காரியம் நடக்கச் சீட்டெழுதி அனுப்பும். மைக்ரோ ஆர்.என்.ஏ. நடுவழியில் நின்று சீட்டைக் கிழித்துப் போடும். ஆள் பொடிசு, காரியம் நின்றுவிடும். எது யாருடைய சீட்டைக் கிழிக்கிறது என்று கண்டுபிடிப்பது வேலையின் மறுபாதி.

அவள் பதினாறு கண்டுபிடித்திருந்தாள். பதினாறும் நெல்லிலும் மக்காச்சோளத்திலும் ஏற்கெனவே பார்த்த முகங்கள். துறைத்தலைவர் பட்டியலைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். போன மாதம் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட, புதியதில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். பதினேழாவதாக ஒன்று வந்து நின்றது. எந்தத் தானியத்திலும் யாரும் பார்த்திராதது. யார் சீட்டைக் கிழிக்கும் என்று கேட்டதற்கு, வறட்சியைத் தாங்கவைக்கும் மரபணுவின் சீட்டை என்றது கம்ப்யூட்டர். அது அப்படித்தான். வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல மனம் வராத ஆள் மாதிரி எந்தப் பக்கமாவது கையை நீட்டிவிடும். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

நிதிக்குழு வந்த நாளில் பதினொரு மணிக்குக் கூட்டம். அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலையா, இந்த மாதத்தோடு சரியா என்பது அன்றைக்குத்தான் தீர்மானமாகும். ஒன்பதரைக்கு, பதினேழாவதன் உறவுக்காரர் எந்தச் செடியில் இருக்கிறார் என்று ஒரு வரி சேர்க்கப் போனாள். கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்த பட்டியலில், அதற்கு நேரே 'உயிரினம்' என்ற கட்டத்தில் 'மனிதன்' என்று இருந்தது.

மூன்று முறை படித்தாள். ஏற்கெனவே தெரிந்தவற்றின் அந்தப் பட்டியலில் புழு முதல் மனிதன் வரை எல்லோரும் உண்டு. 'தாவரம் மட்டும்' என்ற கட்டத்தை டிக் செய்யவேண்டும். புதிய கம்ப்யூட்டரில் செய்யவில்லை. அதோடு, பல வருடங்களுக்கு முன் எங்கோ ஒருவர் மரபணு எடுப்பதற்காகக் கையுறை போடாமல் கோதுமை இலையை அரைத்திருக்கிறார். அவரும் கொஞ்சம் கலந்துவிட்டார். தலைவரின் மகா கண்டுபிடிப்பு அந்த முகம் தெரியாத புண்ணியவான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்குப் போன் போட்டாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை எடுத்துவிட்டால் எத்தனை மிச்சம் என்றார்.

"பதினாறு. ஆனா புதுசு இது ஒண்ணுதாங்க."

"சொல்லலைன்னா யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். அதான் இன்னும் பயமா இருக்கு."

"எங்க வேலையில லிஃப்ட் சரியில்லைன்னா 'பழுது'ன்னு போர்டு மாட்டிட்டுப் போயிடுவோம். உனக்குப் போர்டு மாட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. வேலை போனா பாத்துக்கலாம்," என்றார். பாத்துக்கலாம் என்ற இடத்தில் அவர் குரலும் லேசாக ஆடியது.

தலைவர் தன் அறையில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் உட்கார்ந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு. என் வீட்டுக்காரருக்கு."

"அவர் என்ன பண்றார்?"

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப பரவாயில்லை. இன்னிக்கு பதினேழுன்னே சொல்லிடுவோம். அடுத்த மாசம் மெதுவா எடுத்துடலாம்."

"கூட்டத்துல திரையில காட்டறதுலேர்ந்து பதினேழாவதோட படத்தை எடுத்துட்டேன் சார். வேணும்னா நீங்களே திரும்பச் சேர்த்துக்குங்க."

அவருக்குப் படம் சேர்க்கத் தெரியாது. இருபது வருடமாக யாராவது செய்து கொடுத்தே பழக்கம். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது.

"அப்ப நீயே பேசிக்கோ."

பேசினாள். பதினாறைச் சொன்னாள், பதினேழாவது கோதுமையே இல்லை, மனிதர் என்றும் சொன்னாள். குழுவில் இருந்த அம்மாள் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கோதுமைத் தொகுப்புல இன்னும் எத்தனை மனுஷங்க இருக்காங்க?"

"தெரியாது மேடம்."

இரண்டு வருடம் கேட்ட இடத்தில் ஆறு மாதம் கொடுத்தார்கள், அதை எண்ணிச் சொல்வதற்கு. வராந்தாவில் தலைவர், இந்த மாதிரி விஷயத்தில் எங்கள் துறை எப்போதுமே கறார் என்று குழுவினரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தன் இடத்துக்குப் போய், மொத்தக் கோதுமையையும் மனித மரபணுவோடு ஒப்பிடச் சொல்லி ஓடவிட்டாள். ஆறு மாதம் எப்போது முடிகிறது என்று விரல்விட்டு எண்ணினாள். நாலாவது விரலுக்குள் திரையில் 'மனிதன்' என்று பதினொரு வரிகள் வந்துவிட்டன.