ரயில் ஏறாத சீசன் டிக்கெட்

எழுபதுகளில் தாம்பரத்தில் ஒரு அரசாங்க ஆபீஸுக்கு டைப்பிஸ்டாகப் போன முதல் பெண் நான். அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் கக்கூஸ். பெண்களுக்கும் ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி என் நாற்காலியைச் சுற்றி மரத்தடுப்பு வைத்துவிட்டு, "லேடீஸுக்கு வசதி பண்ணியாச்சும்மா" என்றார். நான் என்ன டைப் அடிக்கவா மறைப்பு கேட்டேன்?

எதிரே ரயில்வே ஸ்டேஷனில் கக்கூஸோடு பெண்கள் வெயிட்டிங் ரூம் இருந்தது. உள்ளே போவதற்காகவே குரோம்பேட்டைக்கு சீசன் டிக்கெட் வாங்கினேன். என் வீடோ தாம்பரத்திலேயே, ஆபீஸிலிருந்து அரை மணி நேர நடை.

ஒருநாள் கேட்டில் நின்ற டிக்கெட் கலெக்டர், "தினம் வர்றீங்க, எந்த வண்டியிலயும் ஏறமாட்டேங்கறீங்களேம்மா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் டிக்கெட்டே கேட்டதில்லை.

ஆபீஸில்தான், "அடிக்கடி எங்கம்மா போயிடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேலை கொடுத்தவர்களுக்கு, வருகிறவளுக்கு ஒரு உடம்பும் இருக்கும் என்று தோன்றவே இல்லை.