வண்டல் மண்ணில் நட்ட கள்ளி

அழுகிய கள்ளியின் நாற்றம் செத்த எலியின் நாற்றத்தைவிட மோசம். என் சின்ன வயதில், ஓர் ஐப்பசியில், காரிமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் நிலத்தில், அந்த நாற்றத்துக்கு நடுவேதான் எங்கள் குடும்பம் அடிதடியில் இறங்கியது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த ஊர்க்காரர்கள், நடுவில் முழங்கால் உயரத்துக்கு மண்மேடை போட்டு அதன்மேல் சதுரக்கள்ளி நட்டால் அதுவே எல்லை என்று சொல்லி, மேடை போடும் பொறுப்பை அப்பாவிடம் விட்டார்கள். பாறை இடுக்கிலும் பிழைக்கிற செடி அது. அப்பாவோ வீம்புக்கு, ஏரியில் வெட்டிய கறுப்பு வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார்.

“கள்ளிக்கு எதுக்குங்க வண்டலு? ஓடையோரத்து ‘நொரம்ப’ அள்ளிப் போடுங்க, தண்ணி வடிஞ்சிரும்” என்றாள் அம்மா. சரளைக்கல் கலந்த மண்ணை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“உனக்கு என்னாடி தெரியும்? அவன் வயிறெரியற மாதிரி ஒரே வருசத்துல ஆளுயரம் வளரணும்.”

மழை பிடித்தது. வண்டல் தண்ணீரைக் குடித்துச் சொதசொதவென்று கிடக்க, கள்ளி அடித்தூரில் அழுகிச் சாய்ந்தது. மேடையும் கரைந்து எங்கள் பக்கம் சரிந்தது. மழை விட்ட காலையில் பெரியப்பா அதன்மேலேயே ஏர் ஓட்டி, எங்கள் நிலத்தில் நான்கு சால் உள்ளே வந்துவிட்டார். அப்பா மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடினார். பெரியப்பா அதைப் பிடுங்கி எறிந்து, அவரைச் சேற்றில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தை நெரித்தார். அம்மா பெரியப்பாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தும் அவர் விடவில்லை. அப்பாவின் நாக்கு வெளியே வந்துவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. சாய்ந்து கிடந்ததில் நுனி இன்னும் பச்சையாயிருந்த ஒரு கிளையை ஒடித்து, பால் சொட்டச் சொட்டப் பெரியப்பாவின் முகத்தில் மாறி மாறி அடித்தேன். அவர் அலறிக்கொண்டு சேற்றில் உருண்டார். அப்பா பிழைத்தார், கள்ளிப்பால் பட்டுப் பெரியப்பாவுக்கு வலது கண் போயிற்று.

போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

“நானே வழுக்கிக் கள்ளி மேல வுழுந்துட்டனுங்க.”

அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று அவர் அப்பாவைக் கொன்றிருப்பார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பொய்யை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடுத்த கோடையில் அம்மா நொரம்பைக் கூடை கூடையாகச் சுமந்து மேடையைப் புதிதாகப் போட்டாள். அதில் வைத்த கள்ளி ஐம்பது வருஷம் நின்றது.

இப்போது அங்கே வீட்டுமனைக் கற்கள். மேடையும் இல்லை, அடித்துக்கொண்டவர்களும் இல்லை. போன மாதம் என் மருமகள் வாசலில் செங்கல் மேடை கட்டி, கள்ளி வைக்க என்ன மண் போடலாம் என்று கேட்டாள். நொரம்பு என்றேன். வாங்கி வந்திருந்த கள்ளிச் செடியைக் கையில் எடுத்து, நடுவதற்காக ஒரு கிளையை ஒடிக்கப் போனாள்.

“மூஞ்சிய அப்பால திருப்பும்மா!”

நான் போட்ட கத்தலில் அவள் செடியைக் கீழே போட்டுவிட்டாள்.