பூட்டுக்காரியின் குழாய்

எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே குழாய். அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவளைப் பூட்டுக்காரி என்றுதான் சொல்வோம். சாயப்பட்டறையில் துணி அலசி அலசி அவள் விரல்கள் ஊதாவாகியிருந்தன. அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் அவளுடைய சின்ன மகளும், இந்தப் பக்கம் நாங்கள். அந்தச் சாவிக்காக எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

குழாயைத் திறந்ததும் வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் பிடித்துப் பார்ப்பாள். பட்டறைச் சாயம் துளி தெரிந்தாலும் பூட்டிவிடுவாள். குடத்தோடு நின்ற நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவோம். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

பட்டறையில் வேலைநிறுத்தம் நடந்த வாரம் தண்ணீர் பளிச்சென்று வந்தது. அதிசயமாகச் சிரித்தாள், பூட்டுக்காரி. வேண்டியமட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மகளுக்குத் தன் கையாலேயே முதல் டம்ளர் கொடுத்தாள்.

மறுநாள் வரிசை முழுக்க வயிற்றுப்போக்கு. இருக்கிற ஒரே கக்கூஸ் வாசலில் அடிதடி. பெரியவர்கள் எப்படியோ தாக்குப்பிடித்தோம். பூட்டுக்காரியின் மகளுக்குக் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையென்று தரையில் கிடத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைக்கவில்லை.

தெருவைத் தோண்டிய நகராட்சிக் குழாய் பிட்டர் எங்கள்மேல் எரிந்து விழுந்தான்.

"பைப்பு சாக்கடைக்குள்ளதான் போகுது. ஓட்டை ரொம்ப நாளா இருக்கு. பட்டறை ஓடினா சாயம் காட்டிக் குடுக்கும். ஓடலேன்னா சாக்கடை கலந்தாலும் தெரியாது."

சாயம்தான் அழுக்கு என்று அவளோடு சேர்ந்து நாங்களும் நம்பியிருந்தோம். ஓட்டையில் ரப்பரைச் சுற்றினான். அது தாங்குமா என்று கேட்டதற்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். பாவி.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. தெருவுக்கே விஷம் ஊற்றினவள் என்று அவள் காதில் விழும்படி சொன்னேன். அவள் எழுந்து வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். அவள் சாவியையும் கோப்பையையும் என் வாசலில் வைத்தாள்.

"இதானே கேட்ட? இனிமே நீயே பாத்துச் சொல்லு."

அடுத்த நாள் காலையில் கோப்பையில் பிடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. பட்டறை இன்னும் திறக்கவில்லை. பின்னால் வரிசையே குடத்தோடு நின்றது. என் சின்னவன் தாகமாக இருக்கிறதென்று புடவையைப் பிடித்து இழுத்தான். பூட்டுக்காரி தன் வாசலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பூட்டினேன். குடத்தோடு நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டத் தொடங்கினார்கள்.