அடுத்தடுத்த எண்களும் சவரியம்மாள் டீச்சரும்

கணக்கு வாத்தியார் வேலையில் ஒரு சுகம் உண்டு: விடை தப்பென்றால் தப்புதான், ஊர் கூடி வாதாடினாலும் மாறாது. சாக்பீஸ் தூளைத் தின்று ஜீவிக்கும் என் இனத்தாரே, அந்தத் தைரியத்தில்தானே நாமெல்லாம் தலை நிமிர்ந்து நடக்கிறோம்!

அது யுத்த காலம். பி.ஏ. முடித்த கையோடு அரியலூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று நடத்தினேன். வந்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். பரீட்சையில் தேறினால்தான் அவர்கள் வேலை நிலைக்கும். ஆண்டிமடம் பக்கமிருந்து வந்த சவரியம்மாள் டீச்சருக்கு அது மூன்றாவது முயற்சி. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். இந்தத் தடவையும் கணக்கில் கவிழ்ந்தால் ஜூன் மாதம் வேறு ஆள் என்று பள்ளியை நடத்தும் பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். "தேற வைப்பது என் பொறுப்பு" என்று டீச்சரிடம் நான் மார்தட்டியிருந்தேன். அடுத்தடுத்த எண்கள் கணக்கு ஒன்று கட்டாயம் வரும், அதை விடக்கூடாது என்பது என் திட்டம்.

நாலு பேர் வந்தால்

பெரம்பலூர்க் கந்தசாமி வாத்தியார் எக்ஸைக் கண்டாலே முகம் சுளிப்பார். 'அடுத்தடுத்த மூன்று எண்களின் கூட்டுத்தொகை 72' என்று நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் மனசுக்குள்ளேயே மூன்றால் வகுத்துவிட்டார். "நடுவுல இருபத்து நாலு, இந்தப் பக்கம் இருபத்து மூணு, அந்தப் பக்கம் இருபத்தஞ்சு. இதுக்கு எதுக்குங்க எக்ஸு?" வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் விடுவேனா? நான்கு எண்கள், கூட்டுத்தொகை 74 என்று போட்டேன். வகுத்தார், பதினெட்டரையில் வந்து நின்றது. முதல் எண்ணை x என்று வைத்து, 4x + 6 = 74, x = 17 என்று போட்டுக் காட்டினேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரிங்க சார், மூணு பேரு வந்தா நான் பார்த்துக்கிறேன், நாலு பேரு வந்தா உங்க எக்ஸைக் கூப்புட்டுக்கிறேன்."

ஒற்றைப்படைக்குள் இரண்டு

அடுத்தடுத்த ஒற்றைப்படை எண்கள் என்றால் லப்பைக்குடிக்காட்டு இப்ராஹீம் வாத்தியார் x, x+1, x+3 என்று எழுதுவார். ஒற்றைப்படைக் கணக்கில் இரண்டுக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. 17, 19, 21 என்று எழுதி, எவ்வளவு கூடுகிறது பாருங்கள் என்றேன். விரல்விட்டு எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். "கணக்கு ஒத்துக்கிடுது சார், மனசுதான் ஒத்துக்கிட மாட்டேங்குது."

முதல் மரக்கால்

சவரியம்மாள் டீச்சரோ சாதாரண எண்களுக்கே x, x+2, x+3 என்று எழுதுவார். பத்துக் கணக்குக் கொடுத்தால் பத்திலும் அதே. திருத்தினால் தலையாட்டுவார், மறு வாரம் பழையபடி வந்து நிற்பார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர் நோட்டை இழுத்து வைத்து மறுபடி போட ஆரம்பித்தார். உதடு முணுமுணுத்தது. அருகில் போய்க் காது கொடுத்தேன். "லாபம்... ரெண்டு... மூணு..."

களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். சின்ன வயதிலிருந்து அப்பாவின் களத்தில் அளந்தவர் டீச்சர். முதல் எண் லாபம், அடுத்தது ரெண்டு. ஒன்று என்பதே அவர் வாயில் வராது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "டீச்சர், எக்ஸ்தான் உங்க லாபம். அதுக்கு மேல ஒரே ஒரு மரக்கால் போட்டா அடுத்த எண்" என்றேன். x, x+1, x+2 என்று எழுதினார். விடை சரியாக வந்தது. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அப்போ இவ்ளோ நாளா ஒரு மரக்கால் கூடுதலாவே கொட்டியிருக்கேன் சார்!"

முடிவு வந்த அன்று

தேறிவிட்டேன் என்று சொல்ல அவரே நேரில் வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா டீச்சர், நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "சொன்னீங்க சார். கணக்கு வராதுன்னும் சொன்னீங்க. என் வகுப்புல எந்தப் புள்ளைகிட்டயும் அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தே வயிறு வளர்த்த எனக்கு, எதிரில் இருப்பவர் எப்படி எண்ணுகிறார் என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் மூன்று மாதம் பிடித்தது.